பிரித்தானியத் திகில் படப் பெட்டித் தொகுப்புகள் (டொராண்டோ)

பெட்டித் தொகுப்பு என்பது ஒரு திரைப்படத்தின் வெவ்வேறு வடிவங்களையோ, ஒரே நிறுவனத்தையோ நடிகரையோ சார்ந்த பல படங்களையோ, கருத்துரைத் தடம், ஆவணப்படம், கட்டுரை நூல் ஆகியவற்றுடன் சேர்த்துக் கெட்டியட்டைப் பெட்டியில் வெளியிடும் வட்டுப் பதிப்பாகும். 1950களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹாம்மர், அமிக்கஸ், டைகன் ஆகிய பிரித்தானிய நிறுவனங்கள் குறைந்த செலவில் எடுத்த திகில் படங்கள் இவ்வகைப் பதிப்புகளில் தனி இடம் பெற்றுள்ளன. வெளிவந்த காலத்தில் மலிவுச் சரக்காக மதிக்கப்பட்ட அப்படங்களைத் தேடி வாங்கிச் சேர்ப்போர் கனடாவின் டொராண்டோ நகரிலும் உள்ளனர். பிரித்தானியப் பதிப்புகளை வட அமெரிக்காவிலிருந்து திரட்டுவதில் உள்ள சிக்கல்கள் அனைத்தையும் அந்நகரத்துச் சேகரிப்பில் காணலாம்.

இப்படங்களுக்கு இத்தனை விரிவான பதிப்பு ஏன் என்ற கேள்விக்கு ராபின் ஹார்டி இயக்கிய ‘தி விக்கர் மேன்’ (1973) தக்க விடையாகும். இதை வெளியிட்ட பிரிட்டிஷ் லயன் நிறுவனம் படத்தை ஏறத்தாழ 88 நிமிடங்களாகக் குறைத்து, ‘டோன்ட் லுக் நவ்’ படத்துக்குத் துணைப்படமாகத் திரையிட்டது. மூல நெகட்டிவ் பின்னர் காணாமற்போனது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனிடம் முன்னரே அனுப்பப்பட்டிருந்த நீண்ட பிரதி ஒன்றே 1970களின் இறுதியில் அமெரிக்க மறுவெளியீட்டுக்கு உதவியது. 2001இல் ஆங்கர் பே நிறுவனம் படப்பெயர் பொறித்த மரப்பெட்டியில் 50,000 படிகள் என வரையறுத்து இரு வட்டுகளை வெளியிட்டது. பெட்டி அழகானதுதான், எனினும் உள்ளிருந்த நீண்ட வடிவத்தின் மீட்கப்பட்ட காட்சிகள் ஒளிநாடாவிலிருந்து எடுக்கப்பட்டவை ஆதலால் மங்கித் தெரிந்தன. 2013இல் ஹார்வர்டு திரைப்படக் காப்பகத்தின் 35 மில்லிமீட்டர் பிரதியைக் கொண்டு ‘இறுதி வடிவம்’ உருவாக்கப்பட்டது. 2023இல் வந்த பொன்விழாத் தொகுப்பு மூன்று வடிவங்களையும் ஒருங்கே தருகிறது. சிதறிக் கிடந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து உ. வே. சாமிநாதையர் நூல்களைப் பதிப்பித்த முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு, இத்தொகுப்புகளின் பயன் தனியே விளக்க வேண்டாதது.

ஒரு படத்தின் வடிவங்களை ஒப்பிடுவோர் ஓடுநேரத்தை மட்டும் நம்ப இயலாது. திரையரங்கில் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படம், பிரிட்டனின் பழைய தொலைக்காட்சி முறையான பால் முறைக்கேற்ப டிவிடியில் 25 சட்டங்களாக ஓட்டப்பட்டமையால், நூறு நிமிடப் படம் 96 நிமிடங்களில் முடிந்தது. குரலும் இம்மியளவு உயர்ந்து ஒலித்தது. இதனால் வெட்டுப்படாத படமும் வெட்டுப்பட்டது போலத் தோன்றும். கனடா பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் இக்குறை இல்லையெனினும், பிரித்தானிய டிவிடிகளை அங்குள்ள சாதாரணக் கருவிகளில் ஓட்ட முடிவதில்லை.

இதனினும் பெரிய தடை மண்டலக் குறியீடு ஆகும். ஒரு பகுதியில் விற்கப்படும் வட்டு வேறொரு பகுதியின் கருவியில் இயங்காதபடி தயாரிப்பாளர்கள் வைத்த பூட்டு இது. புளூ-ரே வட்டுகளில் கனடா ஏ மண்டலத்தையும், பிரிட்டன் பி மண்டலத்தையும், இந்தியா சி மண்டலத்தையும் சேர்ந்தவை. இப்பூட்டு வெறும் வணிக இடையூறாக நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஹாம்மரின் ‘டிராகுலா’ (1958) சான்றாகிறது. தணிக்கையால் பிரிட்டனில் இழந்த சில காட்சித் துண்டுகள் டோக்கியோவில் பாதுகாக்கப்பட்ட பழைய சுருள்களில் 2011இல் கண்டெடுக்கப்பட்டு, 2013இல் பிரிட்டனில் வெளியான புளூ-ரேயில் சேர்க்கப்பட்டன. ஆனால் 2018இல் வார்னர் ஆர்க்கைவ் வட அமெரிக்காவில் வெளியிட்ட வட்டில் அத்துண்டுகள் இல்லை. ஆகவே டொராண்டோக் கடையில் கிடைத்த வட்டை வாங்கியவரிடம் குறைபட்ட பாடமே இருந்தது. முழுமையை வேண்டியவர் பிரித்தானிய வட்டையும், அதை ஓட்டப் பன்மண்டலக் கருவி ஒன்றையும் தேட நேர்ந்தது. அண்மைக்கால 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளில் மண்டலப் பூட்டு இல்லாதது சேகரிப்போருக்குப் பெரும் விடுதலையாகும்.

இறக்குமதிச் செலவும் சிறிதன்று. பிரிட்டனிலிருந்து அஞ்சலில் வரும் 20 கனடிய டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு ஒன்ராறியோவில் 13 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுவதுடன், அதை வசூலிக்கும் அஞ்சல் துறை கையாளுகைக் கட்டணமும் சேர்க்கிறது. கனடாவிலேயே விற்கப்படும் வட்டுகளின் உறையில் ஆங்கிலத்துடன் பிரெஞ்சும் அச்சாவது வழக்கம். அட்டை ஓவியத்தின் தூய்மையைப் பெரிதாக எண்ணும் சிலர் இதற்காகவே அமெரிக்கப் படிகளை நாடுவது, வெளியாருக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

இப்படங்களைச் சேகரிக்கும் ஆர்வத்தை வளர்த்தவை நகரின் வாடகைக் கடைகளாகும். வழக்கமான கடைகளில் கிடைக்காத படங்களுக்குப் பெயர்பெற்ற சஸ்பெக்ட் வீடியோவின் குயீன் தெருக் கிளை 2008 பிப்ரவரித் தீவிபத்தில் அழிந்தது. ஆனஸ்ட் எட்ஸ் அங்காடியை ஒட்டியிருந்த மற்றக் கிளை 2016இல் மூடப்பட்டது. 2017இல் வட்டு விற்பனை நிறுவனமான எச்எம்வியின் யங் தெருப் பெருங்கடையும், 2019இல் குயீன் வீடியோவின் புளூர் தெருக் கடையும் மறைந்தன. பே ஸ்ட்ரீட் வீடியோ மட்டும் வாடகையோடு சேகரிப்பாளர் பதிப்புகளின் விற்பனையையும் 2020களில் தொடர்ந்து நடத்தியது. ரொட்ரிகோ குடினோ 1997இல் டொராண்டோவில் தொடங்கிய ‘ரூ மார்க்’ என்ற திகில் கலை இதழும், டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் 1988 முதல் இடம்பெறும் ‘மிட்நைட் மேட்னஸ்’ நள்ளிரவுத் திரையிடல்களும் இத்துறையை மதிப்போடு பேசும் பழக்கத்தை உண்டாக்கின.

தொகுப்பாக்கத்திலும் கனடியப் பங்கு உண்டு. வின்னிபெக்கில் பிறந்த கியர்-லா ஜானிஸ், நாட்டார் நம்பிக்கை, பழஞ்சடங்கு, ஒதுங்கிய கிராமம் ஆகியவற்றிலிருந்து அச்சத்தை எழுப்பும் ‘நாட்டார் திகில்’ என்னும் வகையைப் பற்றி 2021இல் ஒரு நெடிய ஆவணப்படம் எடுத்தார். அதை மையமாக வைத்துப் பல நாட்டுப் படங்களைச் சேர்த்த ‘ஆல் தி ஹான்ட்ஸ் பி அவர்ஸ்’ பெட்டியை அமெரிக்க நிறுவனமான செவரின் அதே ஆண்டின் இறுதியில் வெளியிட்டது. அதில் உள்ள ‘ராபின் ரெட்பிரெஸ்ட்’ 1970இல் பிபிசியில் வண்ணத்தில் ஒளிபரப்பானது. எஞ்சியிருப்பதோ கறுப்பு வெள்ளைப் படியே. நடிகர் பீட்டர் குஷிங்கை மையமாகக் கொண்ட செவரின் தொகுப்பு (2023), பிபிசி 1968இல் ஒளிபரப்பிய 16 ஷெர்லாக் ஹோம்ஸ் பகுதிகளில் தப்பிய ஆறினைத் தருகிறது. பெட்டியின் அலங்காரமும் படி எண்ணிக்கையின் அருமையும் விலையை ஏற்றலாம். ஆனால் இழந்ததையும் மீட்டதையும் வெளிப்படையாகக் கூறும் பதிப்பே சேகரிக்கத் தக்கது.

இந்த அளவுகோலைத் தமிழ்ப் படங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதித் தமிழ்க் கடைகளில் விற்பனையான தமிழ்ப்பட டிவிடிகளில் ஒரே வட்டில் மூன்று படங்கள் அடங்கியவை மிகுதி. எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பை அவற்றின் உறைகளில் காண்பது அரிது. குறிப்பதற்குப் பிரதியே இல்லாத நிலையும் உண்டு: முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை.