பெயருக்குரிய பொறுப்பு – ஆய்விதழ் நெறிகள் பிறந்த வரலாறு



ஆய்விதழ்களில் வெளிவரும் கட்டுரைகளுக்கென எழுதப்பட்ட நெறிமுறைகள் இன்று உள்ளன. அவை பழங்காலந்தொட்டு இருந்து வந்தவை என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், ஆய்விதழின் வயது முந்நூற்று அறுபது ஆண்டுகள். அதன் நெறிகளுக்கோ ஐம்பது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. அந்நெறிகளுள் பெரும்பாலானவை யாரோ ஒருவர் செய்த தவற்றுக்குப் பின்னரே எழுதப்பட்டன. அவ்வாறான நிகழ்வு ஒன்றை இங்கு விரிவாகக் காண்போம்.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரித்தானிய மகப்பேறு, மகளிர் மருத்துவ ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டிலும் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த மால்கம் பியர்ஸ் என்னும் மருத்துவரின் பெயர் இருந்தது. முதல் கட்டுரை உலகையே வியக்க வைத்தது. கருப்பையில் தங்க வேண்டிய கரு சில பெண்களுக்குக் கருக்குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. அக்கரு பிழைக்காது, குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அவ்வாறு தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் பதித்ததாகவும், 29 வயதான அப்பெண் நிறைமாதத்தில் நலமான குழந்தையைப் பெற்றெடுத்ததாகவும் பியர்ஸ் எழுதியிருந்தார். இவ்வகையில் கருவை இழந்த ஒரு தாய் அச்செய்தியைப் படித்தபோது என்ன எண்ணியிருப்பார்! இரண்டாம் கட்டுரை, தொடர்ந்து கருச்சிதைவுக்கு உள்ளான 191 பெண்களுக்கு அளித்த மருந்துச் சோதனை பற்றியது.

அம்மருத்துவமனையிலேயே பணியாற்றியவர்களுக்கு ஐயம் எழுந்தது. இத்தகைய அரிய சிகிச்சை நடந்திருந்தால் அது நமக்குத் தெரியாமல் போயிருக்குமா என்று ஒரு மருத்துவர் கேள்வி எழுப்பினார். விசாரணை தொடங்கியது. அந்த 29 வயதுப் பெண் இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. 191 பெண்களின் சோதனை நடந்ததற்கான சான்றும் கிடைக்கவில்லை. பியர்ஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொது மருத்துவ மன்றம் அவருடைய பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஒருவர் பொய் எழுதினார், பிடிபட்டார் என்ற அளவில் இதனை முடித்துவிடலாம். ஆயினும் இந்நிகழ்வைப் பேசப்பட வைத்தது வேறொரு பெயராகும். முதல் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் பேராசிரியர் ஜெஃப்ரி சேம்பர்லைன். அவர் பியர்ஸின் துறைத் தலைவர். கட்டுரை வெளிவந்த இதழின் ஆசிரியர். அவ்விதழுக்கு உரிமையுடைய அரச மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரியின் தலைவரும் அவரே. பியர்ஸும் அவ்விதழின் துணையாசிரியர்களுள் ஒருவராக இருந்தார். எழுதியவர், மதிப்பிட வேண்டியவர், வெளியிட வேண்டியவர் எல்லாரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தால், யார் யாரைக் கேள்வி கேட்பது?

மோசடி செய்தவர் பியர்ஸ், சேம்பர்லைன் அல்லர். துறைத் தலைவர் என்ற மரியாதைக்காக அவருடைய பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. அந்நாளில் அது தவறாகக் கருதப்படவில்லை, வழக்கமாகவே இருந்தது. கட்டுரை புகழைத் தந்திருந்தால் அப்புகழில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்கும். பழி வந்தபோது, "எனக்குத் தெரியாது" என்பதைத் தவிர அவரிடம் சொல்ல வேறில்லை. அவர் தம் பதவிகளிலிருந்து விலகினார். இவ்வாறு மரியாதைக்காகச் சேர்க்கப்படும் பெயருக்குக் 'கொடைப்பெயர்' என்று சொல்லலாம் எனத் தோன்றுகிறது. கொடுப்பவரும் மகிழ்வார், பெறுபவரும் மகிழ்வார். வாசகர் மட்டுமே ஏமாறுவார்.

பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆய்விதழ்கள் தோன்றுவதற்கு முன், ஒரு கண்டுபிடிப்பை முதலில் செய்தவர் யார் என்பதை நிலைநாட்டுவது பெரும்பாடாக இருந்தது. 1610ஆம் ஆண்டு சனிக்கோளைத் தொலைநோக்கியில் கண்ட கலிலியோ, தாம் கண்டதை ஒரு வாக்கியமாக்கி, அதன் 37 எழுத்துகளையும் கலைத்துப்போட்டு நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். வேறு யாரேனும் உரிமை கொண்டாடினால், எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காட்டித் தமக்கே முதலுரிமை எனலாம் அல்லவா? கெப்ளர் அப்புதிருக்கு விடைகாண முயன்று, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று தவறாகப் படித்துக்கொண்டார். (செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 1877இல் தெரியவந்தது தனிக்கதை. மாணவர்களுக்குச் சொன்னால் மகிழ்வார்கள்.)

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிசில் 'ஜூர்னால் தே சவான்' இதழும், மார்ச்சில் இலண்டனில் 'பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' இதழும் தோன்றின. பின்னதைத் தொடங்கியவர் அரச கழகத்தின் செயலாளராகிய ஹென்றி ஓல்டன்பர்க். இனிப் புதிர் போட வேண்டியதில்லை. இதழில் பெயரும் நாளும் அச்சானால் அதுவே சான்று. ஆகவே, கட்டுரையில் பெயர் இடுவது தொடக்கத்தில் உரிமையின் அடையாளமாகவே இருந்தது. அதற்குள் பொறுப்பும் அடங்கியிருக்கிறது என்பதை எழுத்தில் வைக்க மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

வெளியிடுமுன் பிற அறிஞர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கமும் நாம் நினைப்பது போல் தொன்மையானதன்று. 1936ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய ஒரு கட்டுரையை அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவியூ' இதழ் மற்றோர் அறிஞரின் பார்வைக்கு அனுப்பியது. தம் இசைவின்றிப் பிறரிடம் காட்டியதற்காக ஐன்ஸ்டைன் சினங்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் அது வேறோர் இதழில், முடிவு மாற்றப்பட்டு வெளிவந்தது. பிழை இருப்பதாக அம்மதிப்பீட்டாளர் சொன்னது சரியாகவே இருந்தது! புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ் இம்மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973ஆம் ஆண்டில்தான்.

1978ஆம் ஆண்டு சில மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். கட்டுரைகளை எந்த வடிவில் அனுப்புவது என்பதே அன்று அவர்களின் கவலை. அக்குழுவே வளர்ந்து, யார் ஆசிரியர் எனப்படுவார் என்பதற்கும் விதி வகுத்தது. ஆய்வின் அமைப்பிலோ தரவுகளிலோ குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்திற்கு இசைவு ஆகிய மூன்றும் வேண்டும். ஏதேனும் ஒன்று போதாது, மூன்றுமே வேண்டும். 2013இல் நான்காவதாகக் கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல் சேர்க்கப்பட்டது. விதி முன்பே இருந்தும் பியர்ஸ் விவகாரம் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏட்டில் இருந்த விதி வழக்கத்தை வெல்லவில்லை.

1997ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழாசிரியர்கள் வெளியீட்டு நெறிகளுக்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்தனர். ஐயத்திற்குரிய கட்டுரை கைக்கு வந்தால் ஓர் இதழாசிரியர் யாரிடம் கேட்பது? அதுவரை அதற்கு வழியில்லை. குழு தோன்றிய மறு ஆண்டே, 1998 பிப்ரவரியில், 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை வெளிவந்தது. பெற்றோர்கள் பலர் அறிந்த கதை இது. வெறும் 12 குழந்தைகளைக் கொண்டு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ஜெர்மன் தட்டம்மை ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் மதியிறுக்கத்தையும் தொடர்புபடுத்தியது அக்கட்டுரை. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றிருந்தது 2004இல் வெளியானது. கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டதோ 2010 பிப்ரவரியில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கிய பெற்றோர் எத்தனையோ பேர். இவ்வளவு தாமதத்திற்கு அவ்விதழ் தக்க காரணம் காட்ட முடியாது என்பது என் கருத்து.

அதே 2010ஆம் ஆண்டு ஜூலையில் நம் வட்டாரமும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. ஆய்வு நேர்மை பற்றிய இரண்டாம் உலக மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. 51 நாடுகளைச் சேர்ந்தோர் கூடி வடித்த 'சிங்கப்பூர் அறிக்கை' 4 கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் கொண்டது. இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அதனை ஆசிரியர்கள் தேடிப் படிக்கலாம். தகுதியுடைய அனைவரின் பெயரும் இடம்பெற வேண்டும், தகுதியுடையோர் பெயர் மட்டுமே இடம்பெற வேண்டும் என்கிறது அது.

இதெல்லாம் பேராசிரியர்களின் உலகம், நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பள்ளிகளில் ஆசிரியர்கள் செயலாய்வு செய்கிறோம். ஓராண்டு முழுதும் ஐந்து மாணவர்களின் வாசிப்பைக் குறித்துவைத்தவர் ஒருவர். அறிக்கையின் அட்டையில் ஏறும் பெயர்கள் மூன்று. மேலிடத்தாரின் பெயரை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வருமே என்ற அச்சம் அனைவருக்கும் உண்டு. இலண்டனில் நடந்ததும் இதுதான். வீட்டிலோ நிலை தலைகீழ். வரலாற்று இடுபணிக் கோப்பைத் தந்தையார் தட்டச்சு செய்கிறார், தாயார் படம் ஒட்டுகிறார். அட்டையில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கிறது. உழைத்தவர் மறைந்துநிற்கும் இவ்வழக்கத்திற்கும் ஆய்வுலகில் 'ஆவி எழுத்து' என்றொரு பெயர் உண்டு. கணினியே கட்டுரை எழுதித் தரும் இக்காலத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையாகியுள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகக் குறிப்பிடலாகாது என்று மேற்சொன்ன இரு குழுக்களும் 2023இல் அறிவித்தன. எழுதும் திறன் அதற்கு உண்டு. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது என்பதே காரணம்.

இறுதியாக, கருக்குழாய் சிகிச்சை பற்றி ஒரு செய்தி. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. கருக்குழாயில் தங்கிய கருவைக் கருப்பையில் மீண்டும் பதிப்பதை மருத்துவர் முயல வேண்டிய ஒன்றாக அது குறிப்பிட்டது. அது பியர்ஸின் கட்டுரையால் விளைந்தது என்று சொல்வதற்கில்லை. அத்தகைய சிகிச்சை உலகில் எங்கும் இல்லை என்று மகப்பேறு மருத்துவர்கள் மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. மசோதா சட்டமாகவில்லை.