கான்ராட் ஜானிஸ் (1928–2022)

நியூயார்க்கில் பிறந்த நடிகர், டிராம்போன் கலைஞர். ராபின் வில்லியம்ஸ் நடித்த ‘மோர்க் அண்ட் மிண்டி’ (1978–82) தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், மிண்டியின் தந்தையான இசைக்கடைக்காரராக வந்து வீடுதோறும் அறிமுகமானார்.

ஜாஸ் அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று. 1940களின் இறுதியிலேயே சொந்தக் குழு அமைத்து, ஜேம்ஸ் பி. ஜான்சன், பேபி டாட்ஸ் போன்ற மூத்தவர்களோடு வாசித்தவர். 1970களின் பிற்பகுதியில் ‘பெவர்லி ஹில்ஸ் அன்லிஸ்டட் ஜாஸ் பேண்ட்’ குழுவைத் தொடங்கினார். அதில் பாஞ்ஜோ வாசித்தவர் நடிகர் ஜார்ஜ் சீகல். சின்னத்திரைப் புகழைப் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணிக்கு ரசிகர்களைச் சேர்க்கச் செலவிட்டதே ஜானிஸின் பெரும்பணி.

தமிழில் இவருக்கு அருகில் வைத்துப் பார்க்கத்தக்கவர் மதன் பாப் (1953–2025). சன் டிவியின் ‘அசத்தப்போவது யாரு’ நடுவராக அவரது சிரிப்பை அறிந்தவர்கள் ஏராளம். நடிக்க வருமுன் அவர் மேடை இசைக்கலைஞர்.