புதிய பறவை: காதலே துப்பறிந்த கதை

உயர்நிலை நான்கு மாணவர்களிடம் ஒரு மர்மக் கதை எழுதச் சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் அதற்குள் ஒரு காதலையும் வைப்பார்கள். ஆனால் அந்தக் காதலை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். கொலை ஒரு பக்கம் போகும், காதல் ஒரு பக்கம் போகும், கடைசிப் பத்தியில் போலீஸ் வரும். மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழில் துப்பறியும் கதை பிறந்ததே ஏறக்குறைய இப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் எழுதிய நாவல்கள் விற்றுத் தீர்ந்தன. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை அன்று தெரியாதவர்கள் குறைவு. அந்த நாவல்களில் காதலர்களைப் பிரிக்க ஒரு குற்றம் நடக்கும், துப்பறிபவர் அதை அவிழ்ப்பார், காதலர்கள் சேர்வார்கள். காதல் அங்கே கதையின் பரிசு. ஒரு மனம் ஏன் பொய் சொல்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்ற கேள்விக்கு அங்கே அவ்வளவு இடம் இல்லை.

அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த படங்களில் ஒன்று, 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. (அப்போது நம்ம ஊருக்குப் பெயர் சியோனான்.) நாட்டைக் காட்டிக் கொடுக்கும் கணவன், அவனை நேசித்து மணந்த மனைவி. இங்கே காதலும் குற்றமும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் காதல் இன்னும் துப்பறியத் தொடங்கவில்லை. அதற்குப் பத்து வருஷம் ஆனது.

1964 செப்டம்பரில் சிவாஜி பிலிம்ஸ் வெளியிட்ட 'புதிய பறவை'தான் அந்தப் படம். இயக்கம் தாதா மிராசி, வசனம் ஆரூர்தாஸ். இதுக்கு மேல் படிக்கும் முன், பார்க்காதவங்க பார்த்துட்டு வந்தா நல்லது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்புகிறான் கோபால் (சிவாஜி கணேசன்). வழியில் லதாவையும் (சரோஜா தேவி) அவள் அப்பாவையும் சந்திக்கிறான். ஊட்டி பங்களாவில் காதல் வளர்கிறது. ரயிலைக் கண்டால் மட்டும் அவன் நடுங்குகிறான். சிங்கப்பூரில் கிளப் பாடகி சித்ராவை (சௌகார் ஜானகி) மணந்ததாகவும், அவள் ரயிலில் விழுந்து தற்கொலை செய்துகொண்டதாகவும் லதாவிடம் சொல்கிறான். பிறகு நிச்சயதார்த்த சமயத்தில் வாசலில் சித்ராவே வந்து நிற்கிறாள்.

இந்தக் கதைக்கு ஒரு பயண வரலாறு உண்டு. மூலம் 1958-இல் வந்த பிரிட்டிஷ் படம் 'சேஸ் எ க்ரூக்கெட் ஷேடோ'. அதில் இறந்துபோன அண்ணன் நான்தான் என்று ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைகிறான். 1963-இல் வங்காளத்தில் 'சேஷ் அங்கோ' எடுத்தபோது அண்ணன் போய் மனைவி வந்தாள். அந்த வங்கப் படம்தான் தமிழுக்கு வந்தது. உறவு ஒன்றை மாற்றியதில் கதையின் உள்ளமைப்பே மாறிவிட்டது. அண்ணன் வேஷத்தில் வந்தவன் அந்தப் பெண்ணின் நிம்மதியைக் கெடுப்பான். மனைவி வேஷத்தில் வந்தவளோ இன்னொரு திருமணத்தையே நிறுத்துவாள். அதாவது, காதல் இருந்தால்தான் இந்தப் பொறி வேலை செய்யும்.

பொறி எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்களோடு நிதானமாகப் பேச வேண்டும். வந்தவள் சித்ரா இல்லை என்று கோபாலுக்கு நன்றாகத் தெரியும். அவன் காட்டும் ஆதாரம் ஒவ்வொன்றும் பொய்த்துப் போகிறது. பேசாமல் அவளை மனைவியாக ஏற்றுக்கொண்டால் அவன் தப்பித்துவிடலாம், எந்தச் சட்டமும் அவனைத் தொடாது. ஆனால் லதா வேண்டும். லதா வேண்டுமென்றால் இவள் சித்ரா இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவன்தான். தான் அறைந்ததில் இதய நோயாளியான சித்ரா செத்துவிட்டாள், உடலைத் தண்டவாளத்தில் போட்டேன் என்று அவனே சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் போலீஸ் என்று தெரிகிறது, லதா உட்பட. அவளோ, நடிப்பாகத் தொடங்கியது நிஜக் காதலாகிவிட்டது என்கிறாள். காதலை எடுத்தால் வாக்குமூலமே கிடையாது. நம் மாணவர்களின் கதைகளில் இல்லாதது இந்தக் கண்ணிதான்.

பாட்டையும் கவனிக்கலாம். கிளப்பில் சித்ரா பாடும் பாட்டு, பி. சுசீலா குரலில், உற்சாகமாக ஒரு முறையும் சோகமாக ஒரு முறையும் ஒலிக்கிறது. மெட்டு ஒன்று. முதலில் ஆசை, பிறகு பயம். எழுத்தில் இதைச் செய்ய ஒரு வளையல், ஒரு வாசனை போதும். காதல் காட்சியில் வந்த பொருளே பயக் காட்சியிலும் வந்தால் வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படத்தின் சிங்கப்பூர் பற்றி ஒரு வார்த்தை. அன்று சிராங்கூன் ரோட்டுத் தமிழர்கள் அறிந்த கப்பல் 'ரஜுலா'. நாகப்பட்டினம், சென்னை என்று போய் வந்த அதில் மூட்டை முடிச்சோடு தளத்தில் படுத்துப் பயணம் செய்தவர்கள் ஏராளம். படத்துச் சிங்கப்பூரில் துறைமுகத் தொழிலாளியும் இல்லை, தேக்கா மார்க்கெட்டும் இல்லை. பணமும் கிளப்பும் இருக்கின்றன, ஒரு ரகசியம் புதைந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு நம் ஊர் அப்போது 'தூரத்தில் நடந்தது' என்று சொல்லிவிடக்கூடிய இடம். அந்தத் தூரம் கதைக்கு வசதி. ரயிலும் இப்போது விளக்கம் கேட்கும். தஞ்சோங் பகார் வரை ரயில் வந்ததையும், ரோட்டில் கேட் போட்டு வண்டிகளை நிறுத்தியதையும் 2011-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது நடைபாதை.

ஆனால் எனக்கு இந்தப் படத்தில் பெரிய உறுத்தல் வேறு. சித்ரா குடிப்பாள், மாமனார் சாவுக்குக் காரணமானாள், அடங்காதவள் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கோபால் சொல்லித்தான். அவளை அறைந்தவன், உடலை மறைத்தவன், தன் காதலியிடமே பொய் சொன்னவன், அவன் வாய்வழியாக மட்டுமே அவளை அறிகிறோம். இருந்தும் கடைசியில் நம் கண்ணீர் அவனுக்குத்தான். சிவாஜியின் நடிப்பு ஒரு காரணம், லதாவின் காதல் இன்னொன்று. அவளே மன்னித்துக் காத்திருக்கத் தயார் என்னும்போது பார்வையாளர் என்ன செய்வார்? காதலுக்கு இவ்வளவு சக்தி இருப்பதால்தான் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இதை வெறும் உத்தியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் நான் கொடுக்கும் வேலை இது. ஃபிளாஷ்பேக் வரை படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு விருந்து நடந்த அந்த இரவைச் சித்ரா தன் வாயால் சொல்வதாக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழில் எழுதலாம். ஒரே நிபந்தனை: அவளும் கோபாலைக் காதலித்துத்தான் மணந்தாள் என்பது அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும்.