பேரரத்தை

இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தாவரவியல் பெயர் அல்பினியா கலங்கா. தாயகம் தென்கிழக்காசியா. ஜாவாவில் வீட்டுத் தோட்டங்களில் சமையலுக்காக வளர்க்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேலும் வளர்ந்து புதராகப் பரவும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தூர் தாராளம்.

இரண்டு மூன்று முளைக்கணுக்கள் கொண்ட கிழங்குத் துண்டே விதை. மழைக்காலத் தொடக்கத்தில், தொழு உரம் கலந்த பொலபொலப்பான மண்ணில், 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். தென்னை, வாழையின் அரைநிழல் ஏற்றது. ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். களிமண் தோட்டத்தில் மேட்டுப்பாத்தி கட்டாயம்.

ஓராண்டுக்குள் கிழங்கு எடுக்கலாம். செடியை முழுவதும் பிடுங்க வேண்டாம்; தூரின் ஓரத்து மண்ணை விலக்கி, இளஞ்சிவப்பு முனையுடைய இளங்கிழங்கை மட்டும் வெட்டி எடுப்பதே நல்ல முறை. தாய்லாந்தின் தோம் கா சூப்புக்கும் இந்தோனேசியாவின் ரெண்டாங் கறிக்கும் அதன் மணமே உயிர். முற்றிய கிழங்கு நாரேறி, கத்திக்கே மசியாது. சித்த மருத்துவத்தில் பேரரத்தை இருமல், கோழைக்கான மருந்துகளில் சேர்கிறது.