சூரியத் துகள்களைப் பூமிக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். 2004இல் நாசா அதைச் செய்துகாட்டியது.

"சூரியன்கிட்டப் போனா எரிஞ்சிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கிட்டப் போகவே தேவையில்லை. சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் எப்போதும் வெளியே வீசுகின்றன. அதுதான் சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் அதைத் தடுப்பதால் விண்வெளிக்குச் சென்றுதான் பிடிக்கவேண்டும்.

எப்படிப் பிடித்தார்கள்?

2001 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஜெனிசிஸ் விண்கலம் புறப்பட்டது. பூமியிலிருந்து சுமார் 1.5 மில்லியன் கிலோமீட்டர் தூரத்தில் சிலிக்கன், தங்கம், நீலக்கல் தகடுகளை விரித்து ஈராண்டுக்கும் மேல் துகள்களைச் சேகரித்தது.

திரும்பியபோது என்ன ஆனது?

2004 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், இறங்கும் கலத்தை ஹெலிகாப்டர் நடுவானில் பிடிக்கவேண்டும். ஆனால் பாராசூட் விரியவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் கலம் பாலைவனத்தில் மோதியது. காரணம்? வேகம் குறைவதை உணரும் சிறு கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன!

எல்லாம் வீணா?

இல்லை. தகடுகள் நொறுங்கின, மண் மேலே ஒட்டியது. சூரியத் துகள்களோ தகடுகளுக்கு உள்ளே பதிந்திருந்தன. விஞ்ஞானிகள் துண்டுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து ஆராய்ந்தனர்.

2011இல் வெளியான முடிவு: சூரியனின் ஆக்சிஜனில் ஆக்சிஜன்-16 வகையின் விகிதம் பூமியில் இருப்பதைவிட அதிகம். ஒரே மேகத்தில் பிறந்தும், பூமி உருவான பொருள் இடையில் மாறியிருக்கிறது.