சிறைச் சீர்திருத்தம்: தஞ்சை வட்டாரமும் நார்டிக் நாடுகளும்

கைதியின் நடமாட்டச் சுதந்திரத்தை மட்டும் பறித்து, மற்றபடி வெளியுலக வாழ்க்கையை இயன்றவரை உள்ளேயும் தொடரவிடுவது நார்டிக் நாடுகளின் இன்றைய சிறைமுறை. அந்நாடுகளுள் ஒன்றான டென்மார்க், காவிரிக் கடைமடையிலும் சிறை வைத்திருந்தது.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, டேனியர் தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். கிடங்குகள் இருந்த கீழ்த்தளத்திலேயே சிறையும் இருந்தது. அங்கே அடைபட்டவர்களுள் நன்கு அறியப்பட்டவர் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி 1706இல் வந்த அவரை, 1708 நவம்பரில் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் சிறையிலிட்டார். கணவர் பட்ட கடனுக்காக நெருக்கப்பட்ட ஒரு விதவைக்குப் பாதிரியார் பரிந்து பேசியதே காரணம் என்பர். அவருடைய மிஷனை முடக்குமாறு டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ரகசிய உத்தரவு வந்திருந்தது என்றும் மிஷன் தரப்பினர் எழுதியுள்ளனர். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலையைச் சீகன்பால்கு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கார்த்திகை மழையில் உள்ளே போனவர் பங்குனி வெயிலில் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். ஸ்காண்டிநேவியரின் சிறைக் கருணை பிறவிக்குணம் அன்று என்பதற்கு இந்த நான்கு மாதம் நல்ல சான்று.

1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் ஆட்சியில் அமைந்த, கார்டியூ தலைமையிலான 1919-20 இந்தியச் சிறைக்குழு, கைதியைத் திருத்துவதே சிறையின் நோக்கம் என்றது. தஞ்சாவூரில் இளங்குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளி இயங்கியது.

நார்டிக் நாடுகளின் மாற்றமும் பிற்பட்டதே. பின்லாந்தில் 1950களில்கூட லட்சம் பேருக்கு ஏறத்தாழ 200 பேர் சிறையில் இருந்தனர். தண்டனைக் காலத்தைக் குறைத்தும் அபராதத்தைக் கூட்டியும் 1990களில் அதை 60 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நார்வேயில் ஆசிரியரும் மருத்துவரும் நூலகரும் சிறைத்துறை ஊழியர் அல்லர். ஊருக்கு வேலை செய்பவர்களே உள்ளேயும் வருகிறார்கள். அந்நாட்டின் திறந்தவெளிச் சிறையான பாஸ்டாய் தீவில் கைதிகள் பயிர் செய்கிறார்கள், படகுத்துறையிலும் வேலை பார்க்கிறார்கள்.

திறந்தவெளிச் சிறை தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் கைதிகள் விவசாயம் செய்கின்றனர். அங்கே போவோர் தண்டனை பெற்றவர்கள். ஜாமீன் கிடைக்காமல் கிளைச்சிறையில் கிடப்பவருக்கும், அவரை மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பத்துக்கும் அதனால் பயனில்லை. எனவே, நார்வேயின் சிறைமுறையைவிடக் கைதிகளின் எண்ணிக்கையைக் குறைத்த பின்லாந்தின் கணக்கே இங்கு முதலில் கற்கத்தக்கது. 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.