இணைகோடுகளும் ஐந்தாம் எடுகோளும்

தாளில் இரண்டு நேர்கோடுகளை வரையுங்கள். அவை இணைகோடுகள்தாமா என்பதை எப்படி அறிவீர்கள்? ஒரே தளத்தில் அமைந்து, இருபுறமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை இணைகோடுகள் என்பது இலக்கணம். முடிவின்றி நீட்டிப் பார்க்கத் தாளும் போதாது, ஆயுளும் போதாது!

இச்சங்கடத்தைத் தீர்ப்பவை கோணங்கள். ஏறத்தாழ கி.மு. 300-இல் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த யூக்ளிட், 'மூலங்கள்' என்னும் நூலின் முதற்பாகத்தில் 27-ஆவது தேற்றமாக இதைத் தருகிறார்: இரு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால், அக்கோடுகள் இணையானவை. நிரூபணம் எளிது. கோடுகள் வலப்புறம் எங்கோ சந்திப்பதாகக் கொள்வோம். உடனே ஒரு முக்கோணம் உருவாகிறது. ஒன்றுவிட்ட கோணங்களுள் ஒன்று அதன் வெளிக்கோணம். மற்றது உள்ளெதிர்க் கோணம். வெளிக்கோணமே பெரியது என்பது 16-ஆவது தேற்றம். இங்கோ இரண்டும் சமம்! ஆகவே வலப்புறம் சந்திக்க இயலாது. இடப்புறமும் அவ்வாறே. ஒத்த கோணங்கள் சமமானாலும், ஒரே பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களானாலும் கோடுகள் இணையே என்பது அடுத்த தேற்றம்.

இனி மறுதலைக்கு வருவோம். கோடுகள் இணையானால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகுமா? "இரண்டும் ஒன்றுதானே!" என்பீர்கள். விடைத்தாள்களில் இதற்கு அதை எழுதும் மாணவர் பலர். யூக்ளிட் அப்படி எண்ணவில்லை. முதல் 28 தேற்றங்களில் தொடாத ஐந்தாம் எடுகோளை, இந்த 29-ஆவது தேற்றத்தில்தான் முதன்முதலாகக் கையாண்டார். உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களுக்குக் குறைவாக உள்ள பக்கத்தில் கோடுகள் சந்தித்தே தீரும் என்பது அந்த எடுகோள்.

மற்ற நான்கும் சுருக்கமானவை. இது மட்டும் தேற்றம்போல் நீளமானது. ஆகவே இதை நிரூபித்துவிடலாம் என்று புரோக்ளஸ், உமர் கய்யாம், ஜான் வாலிஸ் எனப் பலர் முயன்றனர். 1733-இல் இத்தாலியப் பாதிரியார் சக்கேரி, எடுகோள் பொய் என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடினார். விசித்திரமான முடிவுகள் கிடைத்தன, முரண்பாடு கிட்டவில்லை. இருந்தும், அவை நேர்கோட்டின் இயல்புக்கு ஒவ்வாதவை என்று தள்ளிவிட்டார். கதவைத் திறந்தவர் உள்ளே நுழையவில்லை!

ஹங்கேரியில் ஃபார்க்காஷ் போல்யாய் இம்முயற்சியில் பல்லாண்டுகளைச் செலவிட்டு மனம் நொந்தவர். இந்தப் பக்கமே போகாதே என்று மகன் யானோஷை எச்சரித்தார். மகன் கேட்கவில்லை. எடுகோளை மறுத்தே ஒரு புதிய வடிவியலைப் படைத்து 1832-இல் வெளியிட்டார். ரஷ்யாவின் கசானில் லொபச்செவ்ஸ்கி 1829-இலேயே அதே வடிவியலை வெளியிட்டிருந்தார். அதில் 27-ஆவது தேற்றம் அப்படியே நிற்கும். 29-ஆவது தேற்றம் நிற்காது. இரண்டும் ஒன்றல்ல என்பது இப்போது புரிகிறதல்லவா?

27-ஆவது தேற்றமேனும் எங்கும் செல்லுமா? பூகோள உருண்டையைப் பாருங்கள். இரண்டு தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டைச் செங்குத்தாக வெட்டுகின்றன. ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டும் 90°. ஆயினும் அவை துருவங்களில் சந்திக்கின்றன. அங்கு உருவாகும் முக்கோணத்தில் வெளிக்கோணமும் 90°, உள்ளெதிர்க் கோணமும் 90°. உருண்டையின்மேல் 16-ஆவது தேற்றமே பொய்த்துவிடுகிறது.